ஆக்லாந்தில் ஆடி மாதம்

ஜோசலினுக்குக் கொலை செய்யத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது. நேராக விமானம் ஏறி நியூசிலாந்து போய், காலின் மெட்வே என்பவனின் கழுத்தை நெரித்துவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பி ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்கார்ந்திருப்பாள்.

அதற்கு வழியில்லாததால் புதன்கிழமை காலை மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், சாமுண்டீஸ்வரியின் துப்பறியும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று வருட மெயில்கள், பிரிண்ட் எடுத்து அடுக்கியபடி.

சாமுண்டீஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தக் கடை. அவருக்கு உதவியாளர் சவுரிமுத்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், வாய்க்கு இல்லை.

"தண்ணி குடிச்சிட்டு சொல்லும்மா" என்றார் சாமுண்டீஸ்வரி.

"எட்டு மாசமா தண்ணிதான் மேடம் குடிச்சுக்கிட்டிருக்கேன்."

சொன்னாள். முடிச்சூரில் வீடு. சர்ச் பாடகர் குழுவில் சிறு வயது முதல் ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்துப் பாடியவள். அந்தப் படிப்பே சோறு போட்டது. ஆக்லாந்தில் பதிப்பகம் வைத்திருப்பதாகச் சொன்ன காலின், அச்சில் இல்லாத பழைய கீதப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக மெயிலில் அனுப்புவான். ஐந்து கோட்டையும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் புள்ளிகளையும் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்து, அச்சுக்குத் தயாராக அனுப்ப வேண்டும். வேலை பெருகியபோது பாடகர் குழுவிலிருந்து ஏஞ்சல், செல்வமேரி, ஜெரூஷா மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டாள். முதல் இரண்டு வருடத்துக்கும் மேல் பணம் ஒழுங்காக வந்தது, ஏதோ ஓர் இந்திய ஏஜென்சி மூலம். கடைசியாக எட்டு மாத வேலை, தொள்ளாயிரம் பக்கம், நான்கு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு காலின் கையை விரித்துவிட்டான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் அந்த மூன்று பெண்களுக்கும் நேராக ஒரு மெயில் போட்டிருந்தான். 'ஜோசலினுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். அது எங்கே போயிற்று என்று அவளிடம் கேளுங்கள்.'

"ஜெரூஷா என் கையப் புடிச்சு வளர்ந்த பொண்ணு மேடம். 'அக்கா, நீங்களா?'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் பதினேழு தடவ போன் பண்ணிட்டேன், எடுக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி முன்னாடி நான் நின்னு பதில் சொல்லணும். திருடின்னு பேரோட."

"காலின் எப்பிடி அறிமுகம்?"

"மேடவாக்கத்துல அரிகிருஷ்ணன் சார்னு ஒருத்தர் 'வீட்டிலிருந்தே டாலர்'னு கிளாஸ் எடுக்கறார். அவர்தான் ஐயாயிரம் வாங்கிக்கிட்டு கோத்து விட்டார். பாவம், அவருக்கும் காலின் கமிஷன் பாக்கியாம்."

"சிஸ்டர்" என்றார் சவுரிமுத்து. "நாம கிறிஸ்தவங்க. ஒரு கன்னத்துல அடிச்சா..."

"ரெண்டு கன்னத்தையும் காட்டியாச்சு அங்கிள். மூணாவது கன்னம் கிடையாது." ஜோசலின் மடியிலிருந்த மெயில் கட்டைத் தட்டினாள். "எனக்குப் பணம் வேணும். அத விட, அவன் மூஞ்சி செத்துப்போறத என் கண்ணால பாக்கணும்."

"அதுக்குத் தனி சார்ஜ்" என்றார் சவுரிமுத்து.

சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை. மேசையைக் காலி செய்தார். "புது வேலைன்னு வந்த மெயில மட்டும் தனியா எடுங்க. திருத்தம், நச்சரிப்பு எல்லாம் அந்தப் பக்கம்."

நாற்பத்தொரு புது வேலைகள். தேதிவாரியாகப் பரப்பியபோது மூன்று வருடத்திலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்தது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஒரு புது வேலைகூட இல்லை.

"லீவுல போயிருப்பான்" என்றார் சவுரிமுத்து. "வெள்ளக்காரன் ஜூலை வந்தா கடலாண்ட போயி குப்புறப் பட்துக்குவான்."

"அங்க ஜூலைல குளிர் அங்கிள். அதுவுமில்லாம லீவே போடல. அந்த மாசம் பூரா தினமும் திருத்தம் கேட்டு உயிர வாங்கியிருக்கான், இதோ."

"வேலை பாக்கறான், ஆனா புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டேங்கறான்." சாமுண்டீஸ்வரி எழுந்து, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் பக்கத்தில் போய் நின்றார். "ஜூலை பதினேழுல என்னம்மா பொறக்குது?"

"எங்க வீட்டுக் காலண்டர்ல தெனம் ஒரு வசனம்தான் மேடம் இருக்கும்."

சவுரிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "ஆடி! ஆடில தள்ளுபடி போடுவான், கூழ் ஊத்துவான், புதுக் காரியம் மட்டும் தொட மாட்டான். இன்னா மேடம், ஆக்லாந்துல ஆடி மாசமா?"

"வெள்ளிக்கிழமை மெயிலோட நேரத்த படிங்க."

ஜோசலின் படித்தாள். பத்து இருபத்தெட்டு. பன்னிரண்டு ஒன்று. பத்து இருபது. பன்னிரண்டு மூன்று. எல்லாம் இந்திய நேரம். மூன்று வருடத்தில் எந்த வெள்ளிக்கிழமையும் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு புது வேலைகூட வரவில்லை.

காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைத் தூக்கிப் பிடித்தார் சாமுண்டீஸ்வரி. ராகு காலம் 10.30 – 12.00.

"இன்னொண்ணு. ஒவ்வொரு வேலைலயும் மொதல் பக்கத்தப் பாரு. நாலு மூலையும் மஞ்சளா இருக்கு."

"பழைய புத்தகம், பழுப்பேறிப் போச்சுன்னு நெனச்சேன் மேடம். நான்தான் உக்காந்து ஒவ்வொண்ணா அழிப்பேன்."

"பழுப்பு ஏறினா பக்கம் முழுக்க ஏறும்மா. கல்யாணப் பத்திரிகை மாதிரி மூலைக்கு மூலை ஏறாது. பிரிண்ட் எடுத்து, மஞ்சள் தடவி, சாமிகிட்ட வச்சு, அப்புறம் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பியிருக்கான்."

ஜோசலின் அந்தப் பிரிண்ட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஆக்லாந்து நேரத்துக்காக மூன்று வருடம் விடியற்காலை மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்தாள். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தப்பினால் மானம் போகும் என்று ஒவ்வொரு மெயிலையும் நான்கு முறை படித்து அனுப்பினாள். அந்த நேரத்தில் அந்தப் படுபாவி பக்கத்து ஊரில் எங்கேயோ குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"மேல புத்தகத்தோட பேர வெள்ளத்தாள் வச்சு மறைச்சிருக்கான்" என்றார் சாமுண்டீஸ்வரி. "யாரோட புத்தகம்னு வேற எதுலயாவது தெரியுமா?"

ஜோசலின் ஒரு பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். கோடுகளுக்குக் கீழே நடுவில் பொடி எழுத்தில் ஓர் எண். "இது பதிப்பகத்துக்காரங்க அவங்கவங்க புத்தகத்துக்குப் போடற நம்பர் மேடம். எல்லாப் பக்கத்துலயும் ஒரே நம்பர் வரும். நொட்டேஷன் படிக்கிறவங்களுக்குத் தெரியும். இத வச்சுத் தேடினா யாரோடதுன்னு கண்டுபுடிச்சுடலாம்." சொல்லும்போதே நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் தேடவே இல்லையே! காலின்தான் பதிப்பகம்னு நம்பிட்டேனே!"

"அவன் தலைய மறைச்சுட்டு கால நீட்டிட்டான்னா, அவனுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது." சாமுண்டீஸ்வரி எண்ணைக் குறித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இங்க வந்துடு."

ஜோசலின் வாழ்க்கையில் முதல் முறையாகக் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். "அது ராகு காலமாச்சே மேடம்?"

"அதனாலதான்."

வெள்ளிக்கிழமை பத்து நாற்பத்தைந்துக்கு சாமுண்டீஸ்வரி ஒரு இங்கிலீஷ் படிவத்தை அவள் முன் நீட்டினார். 'இந்தத் தொள்ளாயிரம் பக்கங்களையும் என் பொறுப்பில் நானே செய்து கொடுத்தேன்' என்ற பொருளில் நான்கு வரி. கீழே வங்கிக் கணக்கு விவரம்.

"போலீஸ் கம்ப்ளெயிண்ட்டா மேடம்?"

"அதுக்கு மேல. கையெழுத்துப் போடு."

போட்டாள். சவுரிமுத்து போனில் படம் எடுத்து எங்கேயோ அனுப்பினார். அதன் பிறகு சாமுண்டீஸ்வரி அவசரமே படவில்லை. டீ வரவழைத்தார். பதினொன்றுக்குத்தான் சவுரிமுத்துவின் பழைய கார் கிளம்பியது. தண்டவாளம் தாண்டி, கேம்ப் ரோடு, செம்பாக்கம் என்று ஊர்ந்தது. வழியில் ஒரு தண்ணீர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"எங்க போறோம்னாவது சொல்லுங்க மேடம்."

"மேடவாக்கம். அந்த நம்பர் ஆக்லாந்துல ஒரு நெஜப் பதிப்பகத்தோடது. அத நடத்தறது மார்கரெட்னு ஒரு அம்மா. நேத்து பேசினேன். அவங்களுக்குக் காலின்னு யாரையும் தெரியாது. இந்த வேலைய இந்தியாவுல ஒருத்தர் தன் கையாலயே செஞ்சு தர்றதா மூணு வருஷமா நம்பிக்கிட்டிருக்காங்க. அவர் பேரு அரிகிருஷ்ணன்."

போன மாதம் அதே அரிகிருஷ்ணன் ஜோசலினை டீக்கடைக்கு அழைத்துப் போய், "அந்த வெள்ளைக்காரன் நல்லா இருக்க மாட்டான் சிஸ்டர். பொறுமையா இருங்க, ஜெபம் பண்ணுங்க" என்று தேற்றியது நினைவுக்கு வந்தது.

"அந்த டீக்கு காசு நான்தான் மேடம் குடுத்தேன்" என்றாள்.

"எழுதி வச்சுக்க சிஸ்டர்" என்றார் சவுரிமுத்து. "வட்டியோட வசூல் பண்ணுவோம்."

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவன் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் குங்குமத்தோடு பளிச்சென்று இருந்தான். மணி பதினொன்று நாற்பது.

"அடடே, சிஸ்டரா? வாங்க வாங்க. இவங்கல்லாம்?"

"என் சொந்தக்காரங்க" என்றாள் ஜோசலின்.

முன்னறைதான் அலுவலகம். ஒரு மூலையில் சாமி அலமாரி. விளக்குக்கு முன்னால் அப்போதுதான் பிரிண்ட் எடுத்த ஒரு தாள் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள், இன்னும் ஈரமாக.

ஜோசலின் அதையே பார்த்தாள். இத்தனை நாள் கம்ப்யூட்டரில் அழித்த மஞ்சள்.

"சார்" என்றார் சாமுண்டீஸ்வரி, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொண்டு. "காலின் மெட்வே நீங்கதான்."

அரிகிருஷ்ணன் ஒரு கணம்தான் தடுமாறினான். அப்புறம் ஆடி, ராகு காலம், மஞ்சள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். முடிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதான் ஆதாரமா? ஸ்டேஷன்ல போய் சொல்லுங்க மேடம். 'ஐயா, வெள்ளைக்காரன் ராகு காலம் பாத்துட்டான், புடிங்க'ன்னு. எந்த செக்‌ஷன்ல போடுவாங்க? சிஸ்டர், நான் அன்னிக்கே சொன்னேன்ல, ஜெபம் பண்ணுங்கன்னு. கேட்டீங்களா?"

ஜோசலின் எழுந்துவிட்டாள். மேசை மேல் பித்தளை டம்ளர் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

சவுரிமுத்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "உக்காரும்மா. நம்ம ஸ்டேஷன் இன்னும் வரல."

உட்கார்ந்தாள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. சாமுண்டீஸ்வரி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், அரிகிருஷ்ணனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்று ஐம்பது. ஐம்பத்தைந்து. தோற்றுப்போய் வந்து உட்கார்ந்திருக்கிறோமா என்று ஜோசலினுக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன்னால் மஞ்சள் கதையையா சொல்ல முடியும்?

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆனதும் அரிகிருஷ்ணன் எழுந்தான். சாமி முன்னால் இருந்த தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பேனாவைத் திறந்து, அவர்கள் கண் முன்னாலேயே நீட்டி நெளித்துக் கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து அனுப்பினான்.

"வந்ததுக்கு ஒரு பாடம் கத்துக்கிட்டுப் போங்க சிஸ்டர். இது ஆக்லாந்து. ஏழு லட்ச ரூபா. ஒரே ஒரு கையெழுத்து. டாலர் சம்பாதிக்கிறதுன்னா இதான்."

அந்தத் தாளின் நான்கு வரிகளை ஜோசலின் தலைகீழாகவே படித்துவிட்டாள். காலையில் அவள் கையெழுத்துப் போட்ட அதே படிவம்.

போன் சிணுங்கியது. அரிகிருஷ்ணன் சிரித்த முகமாகவே எடுத்தான். படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். முகத்தில் குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் மாறியது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஜோசலின் கண்ணை இமைக்கவே இல்லை. எட்டு மாதம் காத்திருந்த காட்சி அது. ஒரு துளியும் சிந்தவிடாமல் பார்த்தாள்.

"மார்கரெட் அம்மாதான?" என்றார் சாமுண்டீஸ்வரி. "எனக்கும் காப்பி வந்திருக்கு. தமிழ்ல சொல்லட்டுமா? 'அன்புள்ள அரிகிருஷ்ணன், எங்கள் அலுவலகம் மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டது. அதற்குள் வந்த ஒரே படிவம் ஜோசலின் அவர்களுடையது. வேலை செய்தவர் அவர்தான் என்று ஏற்றுக்கொண்டு முழுத் தொகையையும் அவருக்கு அனுப்பிவிட்டோம்.' ஆக்லாந்துல ஆறு மணின்னா இங்க பதினொண்ணரை சார்."

"அது எப்பிடி... அரை மணி நேரம்தான லேட்டு? அவங்க எப்பவும் பொறுத்துப்பாங்களே..."

"இன்னிக்குப் பொறுக்கல. ஏன்னா ரெண்டு பேர் அதே வேலைய 'நான்தான் செஞ்சேன்'னு சொல்றீங்க. அவங்களுக்கு உங்ககூட ஒப்பந்தம் இருக்கு. ரெண்டு படிவமும் வந்தா உங்களுக்குத்தான் பணம் குடுக்க வேண்டியிருக்கும்னு என்கிட்ட கண்டிஷனா சொல்லிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு வந்தா, அத அனுப்பினவங்களுக்கு. நான் கேட்டது ஒரே ஒரு உதவி. 'படிவத்த வெள்ளிக்கிழமை எங்க ஊர் நேரம் பத்து முப்பத்தஞ்சுக்கு அனுப்புங்க. உங்க ஆபீஸ் மூடறதுக்குள்ள திருப்பிக் கேளுங்க.' பத்து முப்பத்தாறுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா ஏழு லட்சமும் உங்களுது. நாங்க காப்பி குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்."

ஜோசலின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய சூதாட்டத்தை இந்த அம்மா டீ குடித்துக்கொண்டே ஆடியிருக்கிறார்.

"நான் சொன்னேன் மேடத்தாண்ட" என்றார் சவுரிமுத்து. "பேஜாரான பிளானு, ஏழு லட்சம்னா எவனும் ராகுவையே காப்பி சாப்புடக் கூப்புடுவான்னு. 'மூணு வருஷத்துல ஒரு தடவகூட மீறல அண்ணா, இன்னிக்கும் மீற மாட்டான்'னாங்க. மேடம் சொன்ன சொல்ல நீ காப்பாத்திட்ட நைனா."

அரிகிருஷ்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "சிஸ்டர்... பணம்தான் வந்துடுச்சுல்ல? உங்களுக்குக் குடுக்க வேண்டியதுக்கு மேலயே வந்துடுச்சு. இதோட விட்டுடுவோம்."

"பணம் வந்துடுச்சு" என்றாள் ஜோசலின். "என் பேரு இன்னும் வரல."

அவள் நாற்காலியை அவன் மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

"காலின் மெயில தெறங்க. ஏஞ்சல், செல்வமேரி, ஜெரூஷா மூணு பேருக்கும். சர்ச் கமிட்டிக்கும் ஒரு காப்பி. 'நான் காலின் இல்ல, மேடவாக்கம் அரிகிருஷ்ணன். ஜோசலினுக்கு எட்டு மாசப் பாக்கில நான் ஒரு பைசாகூட குடுக்கல. குடுத்தேன்னு சொன்னது பொய்.' தமிழ்ல. கமிட்டில இருக்கற பெரியவங்களுக்குப் புரியணும்."

"முடியாதுன்னா?"

"சாயங்காலம் நாலு மணிக்குக் கீழ உங்க கிளாஸ். போர்டுல பாத்தேன், நாப்பது பேர். நான் வந்து பாடம் எடுக்கறேன். தலைப்பு 'வீட்டிலிருந்தே வெள்ளைக்காரன்'."

சவுரிமுத்து கைதட்டப் போய், சாமுண்டீஸ்வரியின் பார்வையைக் கண்டு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இத அனுப்பிட்டா போலீஸுக்குப் போக மாட்டீங்கள்ல சிஸ்டர்?"

"அத நான் சொல்லலையே." கடிகாரத்தைக் காட்டினாள். "ராகு காலம் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. நல்ல நேரம்தான். டைப் பண்ணுங்க."

அவன் டைப் செய்தான். ஒவ்வொரு சொல்லையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடவில்லை. மூன்று இடத்தில் திருத்தம் சொன்னாள். அந்த மூன்று வருடமும் அவன் கேட்டதைப் போலவே, காரணம் சொல்லாமல், மறுபடி செய்யச் சொன்னாள். அனுப்பும் பொத்தானை அமுக்குவதற்கு முன் அவன் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தான். அதையும் பார்த்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது சவுரிமுத்து, "டீ காசு கேக்க மறந்துட்டியே சிஸ்டர்" என்றார்.

"இருபது ரூபா. மேசை மேல சில்லறை கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன் அங்கிள்."

காரில் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவள் போன் அடித்தது. திரையில் ஜெரூஷா. சாமுண்டீஸ்வரி முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"எடும்மா. பாவம், சின்னப் பொண்ணு."

ஜோசலின் போனை மடியில் திருப்பி வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுக்கறேன் மேடம். நான் பதினேழு தடவ பண்ணேன். அவ கொஞ்ச நேரம் பண்ணட்டும்."